டச்சுக்கிழவரின் மூக்கு

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, இரண்டு மாதமாகப் பழைய போர்வைக்குள் இருந்த மாமனாரை அசரியா வெளியே எடுத்தான்.

ரத்தினபாய் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் குடை. ஏழேகாலுக்குக் கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்தால்தான் தாம்பரத்தில் ரயிலேறி, முதல் மணி அடிக்குமுன் பல்லாவரத்தில் இருக்க முடியும். அசரியா வேண்டுமென்றேதான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். தான் வரைந்த படம் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அவளால் அதிக நேரம் நின்று பேச முடியாது.

அவள் முதலில் கைகளைப் பார்த்தாள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கிழட்டுக் கைகள். வலது ஆள்காட்டி விரலில் சாக்பீஸ் பிடித்துப் பிடித்து ஏறிய காய்ப்பு. இடது மணிக்கட்டில் ஒரு துளை அதிகம் போட்டு இறுக்கிய வாட்ச் பட்டை.

"அப்பா கை" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிறகு முகத்துக்குப் போனாள். அங்கே நின்றாள். அதிக நேரம் நின்றாள். தெருமுனையில் பால் வண்டி மணி அடித்துவிட்டுப் போனது. அவள் முகத்தில் எதுவும் நகரவில்லை.

"சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குடை கதவோரம் சாய்ந்து கிடந்தது. பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் மழைக்காலத்தில் அவள் குடையை மறந்து அவன் பார்த்ததில்லை.

*

கிண்டித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் டர்னராக இருந்தவன் அசரியா. முக்கால்வாசி வருடம் ராத்திரி ஷிப்ட். போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஒருநாள் லேத்தை நிறுத்தினான், கையைத் துடைத்தான், வீட்டுக்கு வந்துவிட்டான். யாரும் அவனை விரட்டவில்லை. காரணம் கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்: போதும்.

வரும்போது இரண்டு பொருள்களை எடுத்துவந்தான். ஒன்று அளவு பார்க்கிற அவனுடைய காலிபர். இன்னொன்று அவன் லேத்துக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய ஜெர்மன் காலண்டரின் டிசம்பர் தாள். அந்த வருடம் முடிந்து மூன்று வருடம் ஆகியும் யாரும் கழற்றாத தாள். அதில் ரெம்ப்ராண்ட் என்ற டச்சுக்காரர் வயதான காலத்தில் தன்னையே வரைந்துகொண்ட முகம். ஆயிரம் ராத்திரி அந்த முகம் அவனைப் பார்த்திருக்கிறது. சூப்பர்வைசர் மாதிரி இல்லை. இவனைப் போலவே தூக்கம் கெட்ட ஒரு ஆள் மாதிரி.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, வெள்ளை அடித்து, அதன்மேல் கிழவரை வரைந்தான். டர்னர் புத்தி. காலிபரால் தாளில் அளந்து, இரண்டால் பெருக்கி, துணியில் குறித்து வரைந்தான். முதல் ஐந்து படங்கள் அழுகிய காய்கறி. ஆறாவதில் கண் வந்தது. ஒன்பதாவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு கங்கையம்மாள், "யாருங்க இவரு, உங்க பெரியப்பாவா?" என்று கேட்டார். அன்றைக்கு அசரியாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். மொத்தம் பதினோரு கிழவர்கள். எல்லோரும் இப்போது கட்டிலுக்கு அடியில்.

ரத்தினபாயின் மறைந்த அப்பா ஞானையா முப்பத்தோரு வருடம் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு இந்த நவம்பரில் பவள விழா. பழைய மாணவர்கள் அவருடைய படத்தை ஹாலில் வைக்க நினைத்தார்கள். கூட்டத்தில் ரத்தினபாய் எழுந்து, என் வீட்டுக்காரர் வரைவார் என்று சொல்லிவிட்டாள். அதே பள்ளியில் டீச்சர். அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, அவளுடைய அண்ணன் எலியேசரைத் தவிர. மவுண்ட் ரோட்டில் பெரிய ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் எலியேசரும், பழைய மாணவர் சங்கச் செயலாளர் வேதாசலமும் வந்து பார்ப்பார்கள். பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பள்ளியை ஆரம்பித்த இரண்டு பேரின் படங்களை வரைகிற வேலையும் அசரியாவுக்கே. பிடிக்கவில்லையென்றால், எலியேசர் தன் கம்பெனியில் பார்த்து வைத்திருக்கும் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. அதற்கான பாரத்தில் அன்றைக்கே கையெழுத்து. திங்கட்கிழமை சேர வேண்டும்.

இதற்கு ரத்தினபாயும் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் வரைந்து பார்க்கிறேன் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்றாள். அதுவும் உண்மைதான்.

*

பகல் முழுக்க அசரியா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தான்.

இருட்டுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தான். கிழவரிடம் கற்றது அது. முகத்தில் பாதிக்கு வெளிச்சம், மீதிக்கு பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு. ஞானையாவின் வலது கன்னம் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. இடது பக்கம் மெல்ல மெல்லப் பின்னால் போய், காது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பழுப்பாக முடிந்தது.

ஒரு காது போட்டுவிடலாமா என்று தோன்றியது. கலரைக்கூடக் கலந்துவிட்டான். பிரஷ் துணியைத் தொடப் போகும்போது சுவரில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்தான். கிழவர் தன் காதையே இருட்டுக்குக் கொடுத்திருந்தார். பிரஷைக் கழுவி வைத்துவிட்டான்.

டர்பன்டைன் தீர்ந்துபோயிருந்தது. கேம்ப் ரோட்டில் தனக்கோடி ஹார்ட்வேர் கடைக்குப் போனான்.

"இன்னா சார், மாமனார் காஞ்சிட்டாரா?" என்றார் தனக்கோடி. தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும்.

போன வாரம் முகத்தில் கடைசியாக ஒரு பூச்சு கொடுத்ததாகவும், இன்னும் தொட்டால் விரலில் ஒட்டுவதாகவும் அசரியா சொன்னான்.

"இந்த மழைல எது சார் காயும்? என் பொண்டாட்டி பொடவையே மூணு நாளா கொடில கீது."

அசரியா மழையைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

*

நாலு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

எலியேசர் முன்னால் வந்தார். பின்னால் வேதாசலம். கோவிலம்பாக்கத்தில் சிமெண்ட் கடை. அவருடைய அப்பா நெல் விளைவித்த நிலமெல்லாம் இப்போது பிளாட். ஆனாலும் ஞானையா சார் பேரைச் சொன்னால் இன்றைக்கும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்கிற மனுஷன். படத்துக்கு முன்னாலும் அப்படியே எடுத்துக்கொண்டார். கைகளைப் பார்த்துத் தலையாட்டினார். சட்டைக் காலரில் இருந்த மைக் கறையைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் குனிந்து, படத்தின் இருட்டு ஓரத்தைத் துழாவுகிற மாதிரி பார்த்தார்.

"சார்... சாருக்கு இன்னொரு காது எங்க?"

நிழலில் இருக்கிறது என்று அசரியா விளக்கினான். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் அப்படித்தான் தெரியும், பெரிய பெரிய ஓவியர்களெல்லாம் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள் என்றான்.

வேதாசலம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவங்களுக்கு எப்படியோ சார். கடைசி பெஞ்சுல நாங்க கிசுகிசுன்னு பேசுனாக்கூட நம்ம சாருக்குக் கேக்கும். அந்த ரெண்டு காதுக்குப் பயந்துதான் நாலு எழுத்துப் படிச்சோம். ரெண்டும் வேணும்."

எலியேசர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். பையிலிருந்து அப்பாவின் ஸ்டுடியோ போட்டோவை எடுத்து வைத்தார். ரிட்டையர் ஆன அன்று எடுத்தது. ஸ்டுடியோக்காரரின் கோட்டு, நேர்ப் பார்வை, இரண்டு காது. முகத்தை டச்-அப் செய்து மாவு பூசின மாதிரி ஆக்கியிருந்தார்கள். இதைப் பார்த்து இதே மாதிரி வரைந்திருந்தால் எந்தக் கேள்வியும் வந்திருக்காது என்றார். அப்பா வாழ்ந்த காலமெல்லாம் வெளிச்சத்தில் இருந்தவர், அவரைக் கொண்டுபோய் இருட்டில் உட்கார வைத்திருக்கிறாய் என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் அசரியாவுக்கு வலித்தது.

பாரத்தை மேஜைமேல் வைத்து அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

அசரியா வழக்கம்போல அவருடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேதாசலத்துக்குச் சங்கடமாக இருந்தது. கடையில் லோடு வரும் என்று எழுந்தார். காதை எப்படியாவது போட்டுவிட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். எப்படி இருந்தாலும் நாளைக் காலை பத்து மணிக்குப் பல்லாவரத்து பிரேம் கடைக்காரர் ஆள் அனுப்புவார், அளவு கொடுத்தாயிற்று, கண்ணாடி வெட்டி வைத்தாயிற்று.

ஆயில் பெயிண்டிங்குக்குக் கண்ணாடி போடுகிற வழக்கமில்லை என்று அசரியா சொல்லிப் பார்த்தான்.

"கண்ணாடி போடாத படம் நோட்டீஸ் மாதிரி இருக்கும் சார்" என்றார் வேதாசலம். "சாருக்குக் கண்ணாடி இல்லாமயா?"

கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

*

ரத்தினபாய் நனைந்துகொண்டே வந்தாள். மணி நாலே முக்கால்.

அசரியா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கும்போதே எலியேசர் காது விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முடிக்க விட்டாள்.

"காது கிடக்கட்டும்ணா. நீ மூக்கைப் பாத்தியா?"

"மூக்குக்கு என்ன?"

"அது அப்பா மூக்கா?"

எலியேசர் திரும்பிப் பார்த்தார். படத்துக்குக் கிட்டே போனார்.

காலையில் பார்த்தபோதே ஏதோ இடித்தது என்றாள் அவள். எது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் கையும் அப்பாவின் சட்டையும் போட்டுக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. தெரியாமல் எதையாவது சொல்லி உங்கள் மனசை உடைக்க வேண்டாம் என்றுதான் பேசாமல் போனேன். ரயிலில் நினைத்தேன். ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது புரிந்தது என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"அது உங்க கிழவர் மூக்குங்க" என்றாள்.

அசரியாவுக்குச் சுரீரென்று ஏறியது. இரண்டு மாதமாக வரைந்தவன் நான், அரை நிமிஷம் பார்த்தவள் நீ என்றான். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் என்றைக்கும் என்னைப் பிடித்ததில்லை, அதை மூக்கின்மேல் ஏன் வைக்கிறீர்கள் என்றான். காது ஒருத்தர், மூக்கு ஒருத்தர், நாளைக்குப் பல்லையும் கேளுங்கள் என்றான். பாரத்தை எடு, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன் என்றான்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பதினோரு கிழவர்களையும் இழுத்தாள். ஒட்டடையோடு ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாத்தினாள். கடைசியில் தன் அப்பாவை வைத்தாள்.

"இப்பப் பாருங்க. பன்னெண்டு பேரும் அண்ணன் தம்பி."

அசரியா பார்த்தான்.

பார்த்த பிறகும் நம்பவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து காலிபரை எடுத்தான். பதினோராவது கிழவரின் மூக்கில் வைத்து, அகலத்துக்குச் சரியாக விரித்தான். அப்படியே கொண்டுபோய் மாமனாரின் மூக்கில் வைத்தான். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. நீளத்தை அளந்தான். அதிலும் இல்லை. நுனி உருண்டையும் அதே உருண்டை. பதினெட்டு வருடம் ஒரே அளவில் ஆயிரக்கணக்கான சாமான்களைக் கடைந்து தள்ளிய கை. பதினோரு தடவை கடைந்ததைப் பன்னிரண்டாவது தடவையும் கடைந்திருக்கிறது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எலியேசர்தான் முதலில் பேசினார். "அப்ப அந்த வெள்ளைக்காரனுக்கா நான் இவ்வளவு நேரம் காது கேட்டுக்கிட்டிருந்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று ரத்தினபாய் கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நம்ம வீட்லயே கடைசி ரெண்டு வருஷம் இருந்தாரு. தினமும் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

அசரியா காலிபரை மடக்கினான், திறந்தான், மறுபடி மடக்கினான்.

"நான் மாமா முகத்தைப் பாத்ததே இல்ல."

"என்னது?"

"அவர் பேசும்போது நான் கையைப் பாப்பேன். இல்லன்னா சட்டைக் காலர். கால் கட்டைவிரல் நகத்துல ஒரு வெடிப்பு இருக்கும், அதைப் பாப்பேன். பதினாறு வருஷமா அப்படித்தான். எட்டாவது படிச்ச டர்னருக்குப் பொண்ணைக் குடுத்துட்டோமேன்னு அவர் முகத்துல இருக்குமோன்னு பயம். இருந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. நிமிந்தாத்தானே தெரியும்."

கை அப்படியே வந்திருந்ததும், காலர் கறை வந்திருந்ததும் அதனால்தான். முகம் வர வேண்டிய இடத்தில், அவன் பயப்படாமல் பார்த்த ஒரே கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ரத்தினபாய் துண்டை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

ஸ்டுடியோ போட்டோவை மூன்று பேரும் பார்த்தார்கள். பிரயோஜனம் இல்லை. நேராக விழுந்த வெளிச்சத்திலும் டச்-அப்பிலும் மூக்கு என்பது இரண்டு துவாரமாக மட்டும் இருந்தது. வேறு படம் இல்லை. ஞானையா போட்டோவுக்கு நிற்கிற ஆள் இல்லை. அவருடைய மூக்கு எப்படி இருக்கும் என்று ரத்தினபாய் சொல்ல முயன்றாள். நீளம், நடுவில் மூக்குக் கண்ணாடி உட்காருகிற இடத்தில் ஒரு சின்ன மேடு, அதற்குக் கீழே கத்தி மாதிரி இறங்கும்... சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அண்ணனைப் பார்த்தாள்.

அசரியாவும் பார்த்தான். மச்சானின் சட்டைப் பையிலிருந்து கண்ணை உயர்த்தி, பித்தான்களைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முகத்துக்குப் போனான். இந்த முகத்தையும் அவன் பார்த்ததில்லை.

நீளம். நடுவில் மேடு. கீழே கத்தி.

"மச்சான், கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்களேன்."

ஆறரைக்குக் குரோம்பேட்டையில் தன் வீட்டில் ஜெபக்கூட்டம் இருக்கிறது என்றார் எலியேசர். நாற்காலிகூட இன்னும் எடுத்துப் போடவில்லை என்றார். இதெல்லாம் நடக்கிற காரியமா, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்தினபாய் மர நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டாள்.

"உக்காருண்ணா."

உட்கார்ந்தார்.

*

மேல்பூச்சு இன்னும் இறுகவில்லை. பகலெல்லாம் திட்டிய மழை அந்த ஒரு உதவியைச் செய்திருந்தது. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைச் சாணை பிடித்துச் செய்த கத்தியால் அசரியா மூக்கைச் சுரண்டினான். உருண்டை நுனி சுருண்டு சுருண்டு கத்தியில் ஏறியது. துணியில் துடைத்தான். மறுபடி சுரண்டினான்.

"மெதுவா மாப்ள" என்றார் எலியேசர்.

இதுவரை அவர் அவனை மாப்ள என்று கூப்பிட்டது கல்யாணத்தன்று ஒரு தடவை. அதுவும் மைக்கில்.

காலிபரை எங்கே வைப்பது என்று அசரியா தேடினான். பிறகு ஆணியில் மாட்டிவிட்டான். உயிருள்ள மூக்கில் அதை வைத்து அளக்க முடியாது. கண்ணால்தான் அளக்க வேண்டும். கண்ணால் அளக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும்.

பார்த்தான். முதல் பத்து நிமிஷம் கழுத்தில் வியர்த்தது. மச்சான் கண்ணும் அவன் கண்ணும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் இரண்டு பேருமே வேறு பக்கம் திரும்பினார்கள். அப்புறம் அது பழகிவிட்டது. மேட்டின்மேல் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து, சரிவில் இறங்கி, நுனியில் வந்து நின்றது. நிழல் அதற்கு அந்தப் பக்கம். கிழவர் தன் மூக்கில் என்ன செய்திருந்தார் என்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. அவர் எதையும் அளக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, இருந்த மூக்கை இருந்தபடி பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் ஒரு ஆயுசு பிடித்திருக்கும்.

ரத்தினபாய் காபி கொண்டுவந்தாள். எலியேசரின் டம்ளரை அவர் கையில் கொடுக்கவில்லை. அசையாதே என்று சொல்லி ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஆறிக்கொண்டிருந்தது.

"நான் பேசலாமா?" என்று எலியேசர் கேட்டார்.

பேசுங்கள், தலையை மட்டும் ஆட்டாதீர்கள் என்றான் அசரியா.

எலியேசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எனக்கு அப்பா மூக்குன்னு யாருமே சொன்னதில்ல மாப்ள. அப்பா புத்தி இல்லன்னு மட்டும்தான் சொல்வாங்க."

ரத்தினபாய் உள்ளே போய் எதையோ உருட்டினாள்.

அஞ்சே முக்காலுக்கு வெளிச்சம் தேய ஆரம்பித்தது. அசரியா பிரஷைக் கீழே வைத்தான். வேலை முடியவில்லை, மச்சான் இன்னும் இரண்டு தடவை உட்கார வேண்டும். துவாரத்தின் ஓரத்தில் சிவப்பு அதிகம். ஆனால் மூக்கு வேறு ஆளாகியிருந்தது. மூக்கு மாறியதும் கண்களும் மாறின மாதிரி தெரிந்தது. கண்ணை அவன் தொடவே இல்லை.

எலியேசர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ரத்தினபாயும் வந்தாள். அவள் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"ம்" என்றாள். "இவர்தான்."

எலியேசர் மூக்கைப் பார்த்தார். தன் மூக்கை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். படத்தின் இருட்டு ஓரத்துக்குப் போனார்.

"அந்தக் காது?"

"இருட்டுல இருக்கு மச்சான்."

"இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரி."

ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். நாலு மணி வெளிச்சம்தான் வேண்டும் என்றான் அசரியா. ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். வாசல்வரை போனவரை ரத்தினபாய் கூப்பிட்டாள். அவள் கையில் பாரமும் பேனாவும்.

"அண்ணா, இது?"

பேனாவை மட்டும் வாங்கிப் பையில் செருகிக்கொண்டார். "திங்கட்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கோம்னு சொல்லிக்கிறேன். அது இங்கயே இருக்கட்டும்."

அவள் அதைக் கிழிக்கவில்லை. அசரியாவும் கிழிக்கச் சொல்லவில்லை. டர்பன்டைன் டின்னுக்கு அடியில் வைத்தாள்.

எலியேசர் ஸ்கூட்டரைச் சாய்த்து நாலு உதை உதைத்தார். ஐந்தாவதில் கிளம்பியது. அப்போதுதான் அசரியாவுக்கு நினைவு வந்தது. வாசலுக்கு ஓடினான்.

"மச்சான், கண்ணாடி."

"எந்தக் கண்ணாடி?"

"காலைல பத்து மணிக்கு பிரேம் கடை ஆள் வருவான். கண்ணாடியை வச்சு அமுக்கினான்னா மூக்கு அப்படியே கண்ணாடியோட போயிடும். இந்த மழைல காயறதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? ஞாயித்துக்கிழமை திறப்பு. மேல துணி வேற போட்டு மூடுவாங்களே?"

அசரியா அதை யோசித்திருக்கவில்லை. மூன்று பேரும் ஒரு கணம் அந்தத் திரைத்துணியை நினைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பிடித்து இழுக்கப்போகிற சிறப்பு விருந்தினரையும்.

எலியேசர் வாட்ச்சைப் பார்த்தார். ஜெபக்கூட்டத்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. குரோம்பேட்டை ஒரு பக்கம், கோவிலம்பாக்கம் இன்னொரு பக்கம்.

"வேதாசலத்தைப் பாத்துட்டே போறேன்" என்றார். "ஆனா அந்த மனுஷன் விட மாட்டாரு. கண்ணாடி ஏன் வேணாம்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"சாருக்கு மூக்கு ஈரமா இருக்குன்னு சொல்லுங்க."

ரத்தினபாய் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, காலையிலிருந்து கதவோரம் சாய்ந்து கிடந்த குடையை எடுத்துவந்து அண்ணன் ஸ்கூட்டரில் செருகினாள்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.